தடித்த எழுத்தும் தேக்காவும்

சிராங்கூன் சாலையில் தடித்த எழுத்துகளுக்குப் பஞ்சமே இல்லை. நகைக்கடை, மளிகைக்கடை என ஒவ்வொரு பலகையும் உரக்க அழைக்கிறது. ஆங்கிலப் பெயர்களுள் சில, தலையிலும் காலிலும் செங்கல் வைத்தாற்போன்ற கனத்த கட்டைகளோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வகைக்கு ஸ்லாப் செரிஃப் என்று பெயர். 1815ஆம் ஆண்டு வாக்கில் இலண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்னும் அச்செழுத்து வார்ப்பாளர் வெளியிட்ட 'ஆன்டிக்' இதன் முன்னோடி. நூல் படிப்பதற்காகப் பிறந்ததன்று. தெருவின் மறுபக்கத்திலிருந்தே கண்ணில் படவேண்டும் என்பதற்காகப் பிறந்தது.

அதே கனத்தைத் தமிழுக்கும் கொடுக்க விரும்புவது இயல்பே. எழுத்தாணியால் ஓலையில் கீறிய தமிழும் ஏறக்குறைய ஒரே தடிமனுள்ள கோடுதான். சீரான கனம் நமக்கு அந்நியமன்று. இடர் வேறிடத்தில் இருக்கிறது. 'ப'வின் இரு நுனியிலும் கட்டை வைத்தால் வாய் குறுகிப் பெட்டியாகிறது. ண, இ, ஐ முதலியவற்றில் கோடு தடிக்கத் தடிக்கச் சுழியின் வயிறு அடைபடுகிறது.

தேக்கா என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். (ஹொக்கியன் மொழியில் மூங்கிலடி என்று பொருள் சொல்வர். 1982இல் 'சூஜியாவ்' என்று பெயர்பெற்ற சந்தைக் கட்டடம் 2000இல் மீண்டும் தேக்கா ஆயிற்று.) மூன்றே எழுத்து, ஆயினும் இரண்டு கண்ணிகள். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரிப்பது ஒரு சிறு சுழி. குறில் நெடில் வேறுபாட்டுக்காக வீரமாமுனிவர் (1680–1747) செய்த சீர்திருத்தம் என்று வகுப்பில் சொல்லித் தருகிறோமே, அதுதான். சுழி அடைபட்டால் தெக்கா. ககர ஒற்றின் புள்ளி தலைக்கோட்டோடு ஒட்டிக்கொண்டால் தேககா.

நாம் எப்படியும் தேக்கா என்றே படித்துவிடுவோம். பழகிய கண் எழுத்தைப் பார்ப்பதில்லை, சொல்லைப் பார்க்கிறது. வீட்டில் ஆங்கிலமே பேசும் தொடக்கநிலை இரண்டு மாணவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பான். புள்ளி வைத்தால் மெய் என்று நாம் கற்பித்ததைப் பலகை மறுத்துப் பேசினால் அவன் யாரை நம்புவான்?

வகுப்பறைச் சுவருக்குத் தலைப்பு அச்சிடுமுன் நான் 'தேக்கா, கிண்ணம், இஞ்சி, கெண்டை, கேணி' என்று அடித்துத் தாளை ஒட்டிவிட்டு, கடைசி வரிசை நாற்காலியில் அமர்ந்து பார்ப்பேன். புள்ளிக்குக் கீழே வெள்ளைக் கீற்றும் கொம்பின் சுழியில் ஓட்டையும் தெரியவேண்டும். ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று: தடித்த வடிவம் தனியே வரையப்படாத எழுத்துருவில் 'போல்டு' பொத்தானை அழுத்தாதீர்கள். மென்பொருள் கோட்டை எல்லாப் பக்கமும் ஊதவைத்துவிடும். எங்கே இடம் விடுவது என்பது அதற்குத் தெரியாது. எக் டைப் குழுவினரின் 'பலூ தம்பி'யைப் போலத் தலைப்புக்கென்றே தடிப்பாக வரைந்த எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கட்டைகள் இல்லை, முனைகள் உருண்டவை. தமிழுக்கு அதுவே பொருந்துகிறது என்பது என் எண்ணம். அவற்றையும் கடைசி நாற்காலியிலிருந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெற்றோர்களே, அடுத்த ஞாயிறு தேக்காவுக்குக் காய்கறி வாங்கச் செல்லும்போது பிள்ளையைப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அவன் தடுமாறினால், திருத்துமுன் நீங்களும் அண்ணாந்து பாருங்கள். புள்ளி அங்கே இருக்கிறதா?