ஊர் சுற்றாத விடுமுறை

கடல் கடந்து படிக்கப் போகும் நம்மவர்களுக்கு இரண்டு பாடத்திட்டங்கள் உண்டு. ஒன்று சர்வகலாசாலை வகுத்தது. மற்றொன்று ஊரிலுள்ள உற்றார் உறவினர் வகுத்தது. பின்னதில் பாரிஸ் கோபுரமும், ரோமாபுரியும், சுவிட்சர்லாந்துப் பனிமலையும் கட்டாயப் பாடங்கள். "அவ்வளவு தூரம் போயும் அதைப் பார்க்காமலா வந்தாய்?" என்ற கேள்விக்கு அஞ்சியே விடுமுறைதோறும் மூட்டை கட்டுகிறவர்கள் அநேகர்.

இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்த பிறகு, மேற்படிப்புக்காக ஒரு வருஷம் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் தங்கியிருந்தேன். ஏப்ரல் விடுமுறை வந்தது. உடன் தங்கியிருந்த இளைஞர்கள் ஒன்பது நாளில் ஐந்து தலைநகரங்களைப் பார்த்து முடிப்பதற்கு அட்டவணை தயாரித்தார்கள். எனக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். "நான் வரவில்லை" என்றதும், "ஸாருக்கு உடம்பு சரியில்லையோ?" என்று அவர்களுக்கு உண்மையாகவே கவலை உண்டாகிவிட்டது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்நிய நாட்டில் படிப்பதன் களைப்பு ஒரு தனி ரகம். நாள் முழுவதும் வேற்றுமொழியில் கேட்டு, வேற்றுமொழியில் எழுதி, கடைக்காரரின் ஸ்காட்டிஷ் உச்சரிப்பை இரண்டாம் முறை கேளாமல் புரிந்துகொள்ளப் பாடுபட்டு, டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமிக்கும் குளிர்காலத்தையும் கழித்தவனுக்கு, விமான நிலையத்து வரிசையில் நிற்பது எப்படி ஓய்வாகும்? போதாததற்கு, பிரிட்டனில் படிக்கும் இந்தியர் ஐரோப்பாக் கண்டத்துக்குப் போகத் தனியாக வேறு விசா வாங்க வேண்டும். அதற்குரிய காகிதங்களைச் சேகரிப்பதிலேயே பாதி விடுமுறை தீர்ந்துவிடும். கையிலிருக்கும் பணமோ பெரும்பாலும் வீட்டில் நகையை வைத்தோ, வங்கியில் கடன் பட்டோ வந்த பணம். ஆற அமர ஒரு மாதமும், சொந்தச் சம்பாத்தியமும் இருக்கிறவர்கள் ரோமாபுரிக்குத் தாராளமாகப் போகட்டும். நான் அவர்களைப் பற்றிப் பேசவில்லை.

முதல் இரண்டு நாளும் தூங்கினேன். மூன்றாம் நாள் என்னை எழுப்பியது பீரங்கி! பயப்பட வேண்டாம், எடின்பரோ கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை நீங்கலாகத் தினந்தோறும் பகல் ஒரு மணிக்கு வெடிக்கும் பீரங்கிதான் அது. கடலில் நிற்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதற்காக 1861-ம் வருஷத்தில் ஏற்பட்ட வழக்கம். வெடிச் சப்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போடுகிறவர் வெளியூர்க்காரர். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறவர் உள்ளூர்க்காரர்.

அன்று பிற்பகல் லீத் ஆற்றங்கரைக்குப் போனேன். பிரதான வீதியான பிரின்சஸ் தெருவின் மேற்குக் கோடியிலிருந்து கால் மணி நேர நடைதான். அத்தனை மாதமும் அங்கே போக எனக்கு அவகாசம் கிடைத்ததில்லை. சரிவான கல் பாவிய சந்தில் இறங்கினால் நகரத்தின் இரைச்சல் முழுதும் தலைக்கு மேலே தங்கிவிடுகிறது. கீழே இருப்பது டீன் கிராமம். ஒரு காலத்தில் எடின்பரோவுக்கு வேண்டிய மாவையெல்லாம் அரைத்துக் கொடுத்த தண்ணீர் ஆலைகள் இங்கே நெருங்கியிருந்தன. ரொட்டி சுடுகிறவர்கள் அடுப்பில் விட்டு எடுக்கும் நீண்ட துடுப்புகளை இரண்டு சுவர்க் கற்களில் இன்றும் செதுக்கியபடியே காணலாம். ஆலைகள் ஓய்ந்து விட்டன; தண்ணீர் மட்டும் பழைய வேகத்தில் ஓடுகிறது. கரையில் ஒற்றைக் காலில் நின்றது ஒரு சாம்பல் நாரை. வேடந்தாங்கலில் நான் பார்த்த அதே ஜாதி. இருவருமே அவசரமில்லாதவர்களாக அரைமணி நேரம் இருந்தோம்.

சற்று அப்பால் டெல்போர்டு என்ற நிபுணர் கட்டி 1831-ல் முடித்த டீன் பாலம் நூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அதனடியில் புகுந்து நடந்தால், வட்டமான சிறு கோயில் போன்ற மண்டபம் ஒன்று வருகிறது. 1789-ல் ஒரு நீரூற்றின் மேல் கட்டியது. நடுவில் ஆரோக்கியத்துக்கு அதிதேவதையான கிரேக்கப் பெண் தெய்வத்தின் சிலை. அந்தக் காலத்தில் நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து கந்தக வாடை வீசும் தண்ணீரை வாங்கிக் குடித்தார்களாம். புனித தீர்த்தத்தில் நமக்குள்ள நம்பிக்கையைப் பரிகசிக்கும் மேனாட்டுப் பண்டிதர்கள் இந்த வழியாக ஒரு முறை நடந்து பார்க்கலாம்.

பாதை மேலும் தொடர்ந்து தாவரத் தோட்டத்தின் பக்கம் கொண்டு சேர்க்கிறது. 1670-ல் மூலிகைத் தோட்டமாக ஆரம்பித்த ஸ்தாபனம் அது. விடுமுறையின் மிச்ச நாட்களில் பெரும்பகுதியை நான் இங்கேதான் கழித்தேன். அதற்குக் காரணம் ஒரு புத்தகம். எடின்பரோவில் 1818-ல் வைத்தியப் பட்டம் பெற்ற ராபர்ட் வைட், மறு வருஷம் கம்பெனி உத்தியோகத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நம் நாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்து பெரிய நூல்கள் வெளியிட்டார். அவற்றுக்குச் சித்திரம் எழுதியவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்தியர்கள். அவர்கள் கைப்பட எழுதிய நூற்றுக்கணக்கான மூலச் சித்திரங்கள் இந்தத் தோட்டத்தின் வசம் இருக்கின்றன. ஹென்றி நோல்டி என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து விரிவாக எழுதியிருக்கிறார். மரத்தடி பெஞ்சில் அமர்ந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீலகிரிப் பூக்கள், வேலியோரத்துக் கொடிகள், இலை நரம்பு ஒன்று பிசகாமல்! அட்டையில் துரையின் பெயர். தூரிகை பிடித்தது நம்முடைய கை. வைட் நன்றி மறந்தவர் அல்லர். ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு 'கோவிந்தூயா' என்றே நாமகரணம் செய்தார். பிற்காலத்துத் தாவர சாஸ்திரிகள் அதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை. ரங்கையாவும் கோவிந்துவும் எடின்பரோவைப் பார்த்தவர்கள் அல்லர்; அவர்களுடைய சித்திரங்கள் மட்டும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. ஐந்து தலைநகர அட்டவணையில் இதற்கு எந்த நாளை ஒதுக்கியிருக்க முடியும்?

இளைஞர்கள் பத்தாம் நாள் இரவு திரும்பினார்கள். ஒருவருக்கு ஜலதோஷம், ஒருவருடைய பெட்டி வந்து சேரவில்லை. மூன்றாமவர் கைப்பேசியில் எண்ணூறு படங்கள் காட்டினார். "இது எந்த ஊர்?" என்று நான் கேட்ட இரண்டு இடங்களில் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் எழுந்தது. பிறகு அவர்களில் ஒருவர் தயங்கியபடி, "ஸார், நீங்கள் போன ஆற்றங்கரை எங்கே இருக்கிறது?" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துப் போனேன். டீன் கிராமத்தைத் தாண்டி முதல் பெஞ்சு வந்ததும், "ஐந்து நிமிஷம் உட்காரலாமா?" என்று கேட்டு உட்கார்ந்தவர், மண்டபத்தைக்கூடப் பாராமல் அங்கேயே தூங்கிப் போனார். நான் எழுப்பவில்லை.