பற்று, வரவு, ஒரு கிண்ணம் சூப்

பி.காம். படித்தவனுக்கு முருங்கைக்கீரை ஆயத் தெரியுமா? தெரியாது சார். எனக்கும் போன ஐப்பசி வரை தெரியாது.

விருத்தாசலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை. என் சகதர்மிணிக்கு ஹீமோகுளோபின் 9.2. "பொம்பளைங்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. மாத்திரை தர்றேன். கீரையும் சாப்பிடணும்" என்றார் டாக்டர். பஸ்ஸில் கருவேப்பிலங்குறிச்சி வந்து இறங்கும் வரை 12-லிருந்து 9.2-ஐக் கழித்துக்கொண்டே வந்தேன். எத்தனை தடவை கழித்தாலும் 2.8 துண்டு விழுந்தது.

"கொல்லையிலதான் முருங்கை நிக்குதே, சாப்பிட்டா என்ன?" என்றேன்.

"ஆயறதுக்கு ஒரு மணி நேரம், சாப்பிட அஞ்சு நிமிஷம். யாருங்க உட்கார்ந்து ஆயறது?"

"நான் ஆயறேன்!"

வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது.

முதல் நாள் ஈர்க்கோடு போட்டேன். "துடைப்பத்தையா வேக வச்சே?" என்றார் அம்மா. இரண்டாம் நாள் மூடி போட்டு இருபது நிமிஷம் கொதிக்கவிட்டேன். இலை பழுத்து, கஷாயமாகிவிட்டது. அம்மா மனமிரங்கி ஒரு சூட்சுமம் சொன்னார். ராத்திரியே கிளையை ஒடித்துத் துணியில் சுற்றி வைத்துவிட வேண்டும். காலையில் உதறினால் இலை தானாக உதிரும். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்!

இப்போது என் முறை இதுதான். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் பாசிப்பருப்பு 2 ஸ்பூன், சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், ஒரு தக்காளி, ஒரு கேரட், நாலைந்து பீன்ஸ். எல்லாம் வெந்ததும் இரண்டு கைப்பிடி கீரை. மூடாமல் 5 நிமிஷம். மிளகு, சீரகத்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் நெய். கீரையிலுள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை. கீரையின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி வேண்டுமே! குடித்த கையோடு டீக்கடைக்கு ஓடாதீர்கள். டீயிலுள்ள டானின் இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

ஊர்ப்பக்கப் பெருமைக்காக விருத்தாசலம் பீங்கான் கிண்ணம் ஒன்றும் வாங்கினேன். விலை குறைவு என்று எடுத்ததில் லேசாகக் கோணல்.

"ஆறினா நல்லாருக்காது, உடனே குடி" என்று அவளை எதிரே உட்கார வைத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "இந்த வீட்ல நான் சூடா சாப்பிடறது இதாங்க முதல் தடவை."

எனக்குத் தொண்டையில் என்னமோ அடைத்தது. ஈர்க்கு இல்லை.

எட்டு வருஷமாக எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் அடிச்சட்டி ரசத்தோடு அவள் எழுந்ததை நான் பார்க்கவே இல்லை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. படித்தபோது வெறும் நம்பர். அதில் ஒருத்தி என் வீட்டு அடுப்படியில் நின்றிருந்தாள். ஊரார் கணக்கெல்லாம் பார்ப்பவன், இந்தக் கணக்கைத் திறந்ததே கிடையாது.

தை மாதம் மறுபடி பரிசோதனை. 11.4!

"பார்த்தியா என் சூப்பை?" என்று காலரைத் தூக்கினேன்.

"மாத்திரையும் சாப்பிட்டேனே!"

சரி, வரவை மாத்திரை பேரிலேயே எழுதிக்கொள்ளட்டும். இன்னும் 0.6 பாக்கி இருக்கிறது. கீரை ஆய்வது நான்தான். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பாடு. கோணல் கிண்ணம் அவளுக்கு. அதை மட்டும் யாருக்கும் தரமாட்டாளாம்.