வானம் பார்த்த வேதபாடம்

அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி வரைக்கும் பெரும்பாலும் மானாவாரிதான். குண்டாறு இருக்கு, ஆனா வருஷத்துல பல மாசம் மணல்தான் ஓடும். புரட்டாசியில விதைச்சிட்டு ஐப்பசி மழைக்கு அண்ணாந்து பார்க்குறது எங்க பொழப்பு.

விவசாயம் போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. வியாழக்கிழமை ராத்திரி எங்க வீட்டுத் திண்ணையில வேதபாடம். பக்கத்துல மண்டபசாலையில 19ஆம் நூற்றாண்டுலயே அமெரிக்கன் மதுரை மிஷன் வேலை செஞ்சது. அதனால இந்தப் பக்கம் பழைய சபைகள் இருக்கு. எங்க குழுவுல ஒன்பது பேரு. எல்லாரும் காட்டு வேலைக்காரங்க. ரெண்டு பேருக்கு எழுத்து வாசிக்க வராது.

இந்த வருஷம் மாற்கு சுவிசேஷம்னு முடிவாச்சு. 16 அதிகாரம், 16 வாரம். நோட்டுல கேள்வியெல்லாம் எழுதி வச்சிருந்தேன். நாலாவது அதிகாரம் விதைக்கிறவன் உவமை. பாதை, பாறை, முள்ளு, நல்ல நிலம். ஒவ்வொண்ணுக்கும் 10 நிமிஷம்.

வாசிச்சு முடிச்சதும் ஒரு ஆச்சி ஆரம்பிச்சாங்க: "கையால வீசி விதைச்சா பாதையிலயும் நாலு விழத்தான் செய்யும், இதுல என்னப்பா அதிசயம்?" எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் எறும்பு, குருவி, காட்டுப்பன்னின்னு பேச்சு போச்சு. நோட்டுல முதல் கேள்விக்கே வரல.

ஒரு தம்பி மட்டும் பேசாம உட்கார்ந்திருந்தான். முதல் மழைய நம்பி ரெண்டு ஏக்கர் உளுந்து விதைச்சவன். முளைச்சு வந்ததும் வெயில் காய்ச்சி அத்தனையும் கருகிப் போச்சு. மெதுவா கேட்டான்: "அண்ணே, என் விதை நல்ல நெலத்துலதான விழுந்துச்சு? அதுவும் காஞ்சு போச்சே. அதுக்கு இதுல என்ன போட்டிருக்கு?"

அந்த உவமையில மழை பொய்க்கிற கணக்கு இல்ல. என் நோட்டுலயும் இல்ல. நான் நோட்டை மூடி வச்சிட்டு, "நீ சொல்லு தம்பி"ன்னேன். அப்பதான் வாயைத் திறந்தான். நகையை ஏற்கெனவே அடகு வச்சாச்சு, இப்ப ஈரம் இருக்கு, மறுவிதைப்புக்கு விதை வாங்கக் காசில்ல. வீட்டுல சொல்லவும் பயம். மூணு வாரமா எங்களோட உட்கார்ந்து பாட்டுப் பாடிட்டுப் போனவன்தான் அவன்.

அன்னைக்கு வேற பாடம் நடக்கல. உளுந்துக்கு ஏக்கருக்கு 8 கிலோ விதை வேணும். ஆச்சி பானையில எடுத்து வச்சிருந்தது 5 கிலோ, மத்தவங்க வீட்டுல இருந்து மிச்சம். மறுநா காலையில 16 கிலோவும் அவன் வாசல்ல இருந்துச்சு. சனிக்கிழமை விதைச்சான்.

பட்டணத்துல இப்படிக் குழு நடத்துற நண்பர்கள் சிலர், "அப்ப தயாரிப்பே வேணாமா?"ன்னு கேக்குறாங்க. வேணும். கோடை உழவு போடாத காட்டுல மழை பெஞ்சாலும் தண்ணி ஓடிப் போகும். நான் இப்பவும் மூணு நாள் முன்னாடியே வாசிச்சு, குறிப்பு எடுக்குறேன். உட்கார்ந்ததும் முதல்ல யாரு பேசாம இருக்காங்கன்னு பார்க்குறேன். மிச்சமான வசனம் அடுத்த வாரத்துக்கு.

அதே அதிகாரத்துல இன்னொரு சின்ன உவமை, மாற்குல மட்டும்தான் இருக்கு. விதைச்சவன் தூங்கி எந்திரிக்கிறான். பயிர் எப்படி வளருதுன்னு அவனுக்கே தெரியாது. அதை அடுத்த வாரம் அந்தத் தம்பியே வாசிச்சான். அவன் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. அவனும் வர்றதை நிறுத்தல.

கணக்குப்படி இந்நேரம் 12ஆம் அதிகாரம். நாங்க 7ல நிக்கிறோம். வர்ற வியாழன் களையெடுப்பு இருக்கு, அதுவும் தள்ளிப் போகும்.