கூப்பிட்டால் வரணும் சார்!

காருக்கு அலாரம் வைப்பது சுலபம். அதன் வாயை மூட வைப்பதுதான் கஷ்டம்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில் ஒரு கார் அலறினால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? திருடனைப் பிடிக்கவா ஓடுகிறார்கள்? தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு, கார் சொந்தக்காரரின் பரம்பரையை விசாரிக்கிறார்கள். பட்டாசுக்குக் கத்தும். இடிக்குக் கத்தும். தண்ணி லாரிக்குக் கத்தும். பானெட் மேல் பூனை குதித்தால் கேட்கவே வேண்டாம். நிஜத் திருடன் வரும்போதும் அது அதே ராகத்தில்தான் கத்தும். யார் நம்புவார்கள்? 'புலி வருது' கதைப் பையன் இப்போது நாலு சக்கரத்தோடு நம் வாசலில் நிற்கிறான், அவ்வளவுதான்.

நான் வாங்கிய செகண்ட்ஹேண்ட் காரில் அலாரம் ஏற்கெனவே இருந்தது. ரிமோட்டும் இரண்டு இருந்தன. எப்படி இயக்குவது என்று சொல்லும் புத்தகம் மட்டும் இல்லை. விற்றவரைக் கேட்டேன். "பூட்டு, திற... அவ்ளோதான் சார். மத்த ரெண்டு பட்டனை நான் தொட்டதே இல்ல" என்றார். நாலு பட்டனுக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டை மட்டும் உபயோகிப்பதா? பி.காம். படித்த மனசு ஒப்பவில்லை. சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடுக்கு வண்டியை விட்டேன். கார் சாமான் கடைகள் வரிசை கட்டி நிற்கும் இடம். அங்கே ஓர் எலெக்ட்ரீஷியன் அரை மணி நேரம் பாடம் நடத்தினார். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். சாரம் இதுதான்:

பூட்டினால் ஒரு 'கீச்'. இண்டிகேட்டர் ஒரு தடவை சிமிட்டும். திறந்தால் இரண்டு 'கீச்'. பூட்டும்போது கூடுதலாகக் கத்தினால், ஏதோ ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை என்று அர்த்தம். ரிமோட்டில் திறந்துவிட்டு அரை நிமிஷம் வரை கதவைத் தொடாவிட்டால், பல மாடல்களில் வண்டி தானே மறுபடி பூட்டிக்கொள்ளும். ஆகவே சாவியை வண்டிக்குள் போட்டுவிட்டு வெளியே நின்று அரட்டை அடிக்கக் கூடாது.

ஸ்பீக்கர் படத்தில் கோடு போட்ட பட்டன், சத்தம் இல்லாமல் பூட்டுவதற்கு. ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அவசியம் பழக வேண்டிய பட்டன். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை 45 டெசிபெல்தான் எல்லை என்கிறது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. சைரனோ 100-ஐத் தாண்டும்.

டாஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் குட்டி ஸ்விட்ச்சுக்கு வாலே ஸ்விட்ச் என்று பெயர். வண்டியை சர்வீஸுக்கு விடும்போது அலாரத்தைத் தூங்க வைக்க அது. ரிமோட் பாட்டரி செத்துப்போனாலும் அதுதான் ஆபத்பாந்தவன். சாவியால் கதவைத் திறங்கள். சைரன் அலறும், பதறாதீர்கள். இக்னிஷனைப் போட்டு அந்த ஸ்விட்ச்சை அமுக்கினால் அடங்கிவிடும். அது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பகலிலேயே தடவிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்ப, சும்மா சும்மா கத்தறது?" என்று கேட்டேன்.

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். உள்ளே தீப்பெட்டி சைஸில் ஒரு ஷாக் சென்சார். அதில் ஒரு திருகு. கொஞ்சம் குறைத்துவிட்டு, கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினார். இரண்டு தடவை முனகியது. ஓங்கித் தட்டினார். முழுசாக அலறியது. "இதான் சார் கணக்கு. தட்டினா முனகணும், இடிச்சாதான் கத்தணும்" என்றார். பானெட் அடியில் துருப்பிடித்த ஸ்விட்ச், வலுவிழந்த கார் பாட்டரி, இவையும் பொய்யாகக் கத்த வைக்கும் என்றார்.

கடைசியாக ஒன்று சொன்னார். "சைரன் வண்டியைக் காப்பாத்தாது சார். வண்டியை நிக்க வைக்கறது இம்மொபிலைசர். சைரன் ஆளைக் கூப்பிடும், அவ்ளோதான்." உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியம் 1998-ல் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது, சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினைக் கிளம்பவிடாத இம்மொபிலைசரைத்தான்.

ஆளைக் கூப்பிடும்! அந்த வார்த்தை மனசில் ஒட்டிக்கொண்டது. காரணம், மேல் வீட்டு மாமி. வயசு எழுபத்தி மூன்று. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை வெளிநாட்டில். செல்போன் இருக்கிறது. "இருந்து என்ன? ராத்திரி எல்லாரும் சைலன்ட்ல போட்டுட்டுன்னா தூங்கறேள்" என்பார்.

நாலாவது பட்டன், சிவப்பு. அமுக்கிப் பிடித்தால் சைரனும் விளக்கும் சேர்ந்து ஊரைக் கூட்டும். என் கார் நிற்பது மாமியின் படுக்கையறைக்கு நேர் கீழே. ஸ்பேர் ரிமோட்டுக்குப் புது பாட்டரி போட்டேன். மற்ற மூன்று பட்டன் மேலும் பிளாஸ்திரி ஒட்டி, மாமியின் தலைமாட்டில் வைத்தேன். கட்டிலில் படுத்தபடியே அமுக்கச் சொல்லிப் பார்த்தேன். வேலை செய்தது. எதிர் வீட்டில் மாற்றுச் சாவியும் கொடுத்தாயிற்று.

அடுத்த நாலு மாசம் என் கார் வாயே திறக்கவில்லை. தீபாவளி கூடத் தாண்டிவிட்டது. கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி, மூன்றே கால் மணிக்கு, அலறியது. வாட்ச்மேன் குடையில்லாமல் ஓடி வந்தார். மூன்றாம் மாடி காலேஜ் பையன் நாலு நாலு படியாகத் தாவினான். எதிர் வீட்டு அக்கா சாவியோடு நின்றார். ஒருவர்கூடத் தலையணையைத் தேடவில்லை. மாமி மார்பைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து ஒழுகிப் படுத்திருந்தார். கத்தின காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

வந்ததும் கேட்டார்: "ஏம்ப்பா, அன்னிக்கு அத்தனை பேர் ஓடி வந்தாளாமே! அடுத்த தெருவிலே தினம் ஒரு கார் கத்தறது, நாய்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டேங்கறதே?"

"அது தினம் கத்தறதுனாலதான் மாமி" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஃபிளாட்ஸில் ஐந்து கார்க்காரர்கள் ஒரே ஸ்க்ரூடிரைவருக்கு வரிசையில் நின்றார்கள். நீங்களும் இன்றைக்கே உங்கள் காரின் கண்ணாடியை உள்ளங்கையால் லேசாகத் தட்டிப் பாருங்கள். முனகினால் நல்லது. ஊரைக் கூட்டினால் திருகைக் குறையுங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் மட்டும் இந்தப் பரீட்சை வேண்டாம், சார்!