பிரெஞ்சியல் ஆய்வும் ஆய்வாளனின் கடமையும்

கலாநிதிப் பட்டத்தை ஓர் அலங்காரமாகவோ உத்தியோகத்துக்கான ஏணியாகவோ கருதுவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதிலும் பிரெஞ்சு மொழி, இலக்கியம், சமுதாயம் ஆகியவற்றை ஆராயப் புகும் மாணவனைக் கண்டால், "வேறு துறை கிடைக்கவில்லையா?" என்று நகைப்போரும் உளர், பாரிஸ் என்ற பெயரிலேயே மயங்கி நிற்போரும் உளர். இவ்விரு சாராரும் அடிப்படையான ஒரு வினாவை மறந்துவிடுகின்றனர். பிரெஞ்சியல் ஆய்வு யாருடைய கேள்விகளுக்கு விடை தேடுகிறது? இதனைத் தெளிவதற்கு, அவ்வாய்வுப் பட்டத்தின் வரலாற்றை நாம் சிறிது நோக்குதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரான்சில் இலக்கியம், தத்துவம் முதலிய துறைகளில் கலாநிதியாக விரும்பியவர் இரண்டு ஆய்வேடுகளைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. முதன்மை ஆய்வேடு பிரெஞ்சிலும், துணை ஆய்வேடு இலத்தீனிலும் அமைதல் வேண்டும். இலத்தீன் விதி 1903ஆம் ஆண்டிலேதான் நீங்கியது. இலத்தீனோ, கட்டணம் செலுத்திப் பயிலும் பள்ளிகளிலே கற்பிக்கப்பட்ட மொழி. எனவே அவ்விதி புலமையை அளந்ததோடு, வர்க்கத்தையும் அளந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அவ்விதிக்குள்ளே நின்றே அதனைத் தன் நோக்கத்துக்குப் பயன்படுத்தியவர் ஒருவர் இருந்தார். 1892ஆம் ஆண்டு ழான் ழோரெஸ் சமர்ப்பித்த இலத்தீன் ஆய்வேடு, ஜெர்மானிய சோஷலிஸத்தின் வேர்களை லூதர், கான்ட், ஃபிக்டே, ஹெகல் ஆகியோரின் சிந்தனைகளிலே தேடியது. அதே ஆண்டில் கார்மோ சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நகர முதல்வராகத் தெரிவுசெய்யப்பட்ட தம் தோழர் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டதே அதற்குக் காரணம். மறு ஆண்டு அத்தொழிலாளரின் ஆதரவுடன் ழோரெஸ் பாராளுமன்றம் சென்றார். ஆய்வுக்கும் மக்கட் போராட்டத்துக்கும் இடையே மதில் எழுப்புவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

எல்லோருக்கும் இவ்வாறு வழி திறக்கவில்லை. மார்த்தினிக் தீவிலிருந்து லியோன் நகருக்கு மருத்துவம் கற்க வந்த ஃபிரான்ட்ஸ் ஃபனான், நிறவெறி மனித மனத்தில் ஏற்படுத்தும் காயங்களை ஆராய்ந்து எழுதியதைத் தமது ஆய்வேடாகக் கொடுக்க விரும்பினார். அது ஏற்கப்படவில்லை. பரம்பரை நரம்பு நோயொன்றைப் பற்றி வேறோர் ஆய்வேடு எழுதியே 1951இல் அவர் பட்டம் பெற்றார். மறுக்கப்பட்ட எழுத்து, 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்ற நூலாக 1952இல் வெளிவந்தது. இன்று பிரெஞ்சியல் மாணவர் அந்நூலைப் படியாது அப்பால் செல்வது அரிது. நிறுவனம் எதனை ஆய்வெனக் கொள்ள மறுக்கிறதோ, அதுவே பிற்காலத்தில் ஆய்வின் பொருளாகி விடுவதும் உண்டு.

பத்தாண்டுகளின் பின் நிலைமை சற்று மாறிற்று. 1961ஆம் ஆண்டு, பாரிஸுக்கு வெளியே, பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில், லிலியான் கெஸ்தெலூட் என்ற பெல்ஜியப் பெண்மணி செசேர், செங்கோர், தமாஸ் முதலிய கறுப்பின எழுத்தாளரைப் பற்றிய ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அவ்வெழுத்தாளர் மூவரும் அப்போது உயிருடன் இருந்தனர். பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்து கொங்கோ விடுபட்டு ஓராண்டே ஆகியிருந்தது. பிரெஞ்சு இலக்கியம் பிரெஞ்சுக்காரரின் இலக்கியம் மட்டுமன்று என்பதைப் பல்கலைக்கழகத்தின் மொழியிலேயே நிறுவிய முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

இன்று மதில் வேறு உருவில் நிற்கிறது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் பழைய பட்டங்களை ஒழுங்குபடுத்தி ஒரே கலாநிதிப் பட்டத்துக்கு வழிசெய்தது. ஆனால் 2019 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் புதிய மாணவருக்கு முதுமாணிப் படிப்பின் ஆண்டுக் கட்டணம் 3,770 யூரோ என விதிக்கப்பட்டது. அவ்வாண்டில் பிரெஞ்சு மாணவர் செலுத்தியது 243 யூரோ. கலாநிதிப் படிப்புக்கு இவ்வுயர்வு இல்லையென்பது உண்மையே. ஆனால் முதுமாணியைக் கடவாமல் கலாநிதிப் படிப்புக்குச் செல்வது எங்ஙனம்? மேல்மாடியின் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு விலை கூறுவதையே இது ஒக்கும். பல பல்கலைக்கழகங்கள் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தி இக்கட்டணத்திலிருந்து விலக்களித்தமை, அங்குள்ள ஆசிரியரும் மாணவரும் வாளாவிருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

இவையெல்லாம் எமக்குத் தொலைதூரச் செய்திகள் அல்ல. பாரிஸின் லா ஷப்பல் வீதிகளிற் கடை நடத்தியும், உணவகச் சமையலறைகளில் உழைத்தும் வாழும் எம்மவர் பலர். அவர்தம் பிள்ளைகள் வீட்டில் தமிழையும் பள்ளியிற் பிரெஞ்சையும் பேசி வளர்கின்றனர். அப்பிள்ளைகளின் பிரெஞ்சும் பிரெஞ்சியலின் ஆய்வுப் பொருளே. அதனை ஆராய்வதற்கு எம்மிடையேயிருந்தும் ஆய்வாளர் தோன்றுதல் வேண்டும்.

ஆகவே இத்துறையில் நுழையும் மாணவருக்கு நாம் கூற விரும்புவது இதுவே. மொழியைக் குறைவறக் கற்க வேண்டும். மூல நூல்களையும் சுவடிக்கூடங்களையும் பொறுமையுடன் ஆராய வேண்டும். அரைகுறைப் படிப்பை முற்போக்குக் கொள்கையால் மூடிவிட முடியாது. ஆனால் கேள்வியை மட்டும் பிறரிடம் கடன் வாங்கலாகாது. தம் மக்களின் வாழ்விலிருந்து எழும் கேள்வியுடன் செல்பவரே, பட்டத்தோடு பயனுள்ள அறிவையும் எம்மிடம் கொண்டுவருவர்.