மூச்சடக்கி நின்ற நெல்லுக்காக ஒரு நன்றி

விதை காக்கும் அன்பர்களுக்கு,

டெல்லியில் தேசியத் தாவர மரபு வளப் பணியகத்திலும், பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோசில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் குளிர் அறைகளில் விதைப் பொட்டலங்களை அடுக்கி, அவ்வப்போது எடுத்து முளைப்புத் திறன் பார்க்கிறவர்கள் நீங்கள். உங்களில் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. ஆனாலும் உங்களுக்குக் கடன்பட்டவன். காரைக்கால், நெடுங்காடு பக்கம் சம்பா நடும் கடைமடை விவசாயி நான்.

மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எங்களுக்குக் கடைசியில்தான் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையோ மேல்மடை வெள்ளத்தையும் கூட்டிக்கொண்டு எங்கள் வயலில்தான் வந்து தேங்கும். கடல் ஏற்றமாக இருந்தால் வடிகாலில் தண்ணீர் நகராது.

அப்படி ஒரு கார்த்திகையில் என் நடவு ஒன்பது நாள் மூழ்கிக் கிடந்தது. வடிந்ததும் இறங்கிப் பார்த்தேன். பயிர் சேற்றில் படிந்திருந்தது. ஒரு தூரைப் பிடுங்கி அடித்தண்டை நகத்தால் கீறினேன். அழுகியிருந்தால் கொழகொழவென்றாகி நாற்றம் வரும். வரவில்லை. குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. வடிந்த எட்டாம் நாள் புது இலை விட்டது. வயல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நெல் சி.ஆர். 1009 சப் 1. இட்லிக்கென்று கேட்டு வாங்குவார்களே, அந்தக் குண்டரிசி. கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த பழைய சி.ஆர். 1009-ஐ டெல்டாவில் சாவித்திரி என்றும் பொன்மணி என்றும் சொல்வோம். சாதாரண நெல் மூழ்கினால் தண்ணீருக்கு மேலே தலைகாட்டத் துடித்து நீண்டு வளரும். இருக்கிற சத்தையெல்லாம் அதிலேயே கரைத்துவிட்டு, தண்ணீர் வடியும்போது எழ வலுவில்லாமல் செத்துப்போகும். சப் 1 மரபணு உள்ள நெல் வளர்வதை நிறுத்திவிட்டு மூச்சடக்கி நிற்கும். இரண்டு வாரம் வரைக்கும் தாங்கும்.

அந்தக் குணம் ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ-வில் விளைச்சல் குறைவு, அரிசியும் சுமார்தான். சந்தைக்கு வேண்டாத அந்த நெல்லை நீங்கள் வேண்டாமென்று தள்ளவில்லை. 1996-ல் அந்தக் குணம் குரோமோசோமில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்; 2006-ல் மரபணுவையே அடையாளம் காட்டினார்கள். 2009-ல் அந்த மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா சப் 1 இந்திய வயலுக்கு வந்தது. அதே வழியில் எங்கள் சி.ஆர். நெல்லுக்கும் அந்தக் குணம் வந்து சேர்ந்தது. ஒடிசாவில் வெள்ளத்தோடு மல்லுக்கட்டி அந்த விதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த உழவர்களுக்கும் இந்த மடல் வழியே கைகூப்புகிறேன்.

எல்லை என்றால் என்னவென்று காரைக்கால்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1954 வரை இங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி. இன்றும் மூன்று பக்கமும் தமிழ்நாடு, நாங்கள் மட்டும் புதுச்சேரி. காவிரியில் எங்கள் பங்கு 7 டிஎம்சி. அதையும் அளந்துதான் வாங்குகிறோம். தண்ணீருக்கு இத்தனை கணக்கு இருக்கும்போது, அந்த ஒடிசா விதை மட்டும் நாடு விட்டு நாடு போய்த் திரும்பி வந்ததை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. நெல் போன்ற பயிர்களின் விதையை நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளவும், பலனில் பங்கு கொடுக்கவும் 2004-ல் பன்னாட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் இருக்கிறது. அந்தக் கதவு மூடாமல் இருக்க வேண்டும்.

பக்கத்தில் திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் 2 கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பி வாங்குவார். அப்படியே நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டார். 2018-ல் அவர் மறைந்தாலும் அவர் வைத்த கணக்கு மனதில் நிற்கிறது: வாங்கிய விதையைத் திருப்பித் தர வேண்டும், கூடுதலாகவே தர வேண்டும்.

என் முறைக்கு நானும் தருகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் கரைக்குள் ஏறிவந்த பிறகு, உப்பைத் தாங்கும் நெல்லின் அருமை எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. உவர் நிலத்தில் விளையும் குழியடிச்சானை இந்த முறை ஒரு மூலையில் நட்டிருக்கிறேன். தை அறுவடையில் அதைத் தனியே அடித்து, நிழலில் உலர்த்தி, ஒரு மரக்கால் எடுத்துக்கொண்டு செருமாவிலங்கை வேளாண் கல்லூரிக்குப் போவேன். உங்களிடம் சேர்க்கும் வழியை அவர்களிடம் கேட்பேன்.

பையின் மேல் ஒரு சீட்டும் கட்டியிருக்கும். எந்தப் பட்டம், எத்தனை நாள் பயிர், எந்த வயல் என்று எழுதியிருப்பேன். விதைக்கு எண் போடும்போது ஊர்ப் பெயரையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.


காரைக்கால் கடைமடை விவசாயி ஒருவன்