வேகத்தைக் காக்கும் ஏடுகள்

மனிதர் சேர்த்துவைக்கும் பொருள்கள் பலவகைப்படும். அஞ்சல்தலை சேர்ப்போர் உளர். நாணயம் சேர்ப்போர் உளர். பழைய இசைத்தட்டுகளைத் தேடி அலைவோரும் உளர். இவர்களிடையே சற்று வேறுபட்டு நிற்பவர், மோட்டார் வண்டிகளையும் கார்ப் பந்தயங்களையும் பற்றிய நூல்களைச் சேர்ப்பவர். அவரிடம் பந்தயக் கார் இராது. சில வேளைகளில் சாதாரணக் கார்கூட இராது. கண்ணிமைப்பதற்குள் பேரிரைச்சலோடு கடந்துபோகும் ஒன்றை, ஓசையற்ற அறையில் அமர்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டிப் படிப்பதில் அவர் இன்பம் காண்கிறார். இது முரண்பாடாகத் தோன்றலாம். எனினும், அச்சேகரிப்பின் பொருள் இம்முரணிலேயே அடங்கியுள்ளது. பந்தயம் முடிந்த மறுநொடியே மறைந்துவிடுகிறது. வண்டிகள் பழுதாகி உருக்கப்படுகின்றன, ஓட்டியவர்கள் மறைகின்றனர், பாதைகள் குடியிருப்புகளாக மாறுகின்றன. இறுதியில் எஞ்சுவது எழுத்தும் படமுமே.

மோட்டார் வண்டியின் வரலாறு தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அதனைப் பற்றிய அச்சேடுகளும் தோன்றிவிட்டன. ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரியது 1886ஆம் ஆண்டில். 1888இல் அவர் மனைவி பெர்த்தா, புதல்வர் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அத்தகைய வண்டியில் சென்று காட்டினார். வழியில் எரிபொருளை ஒரு மருந்துக் கடையில்தான் வாங்க முடிந்தது. 1895இல் இங்கிலாந்தில் 'ஆட்டோகார்' என்னும் இதழ் பிறந்தது. 1900ஆம் ஆண்டில் பிரான்சின் மிஷ்லின் டயர் நிறுவனம், வண்டியோட்டிகளுக்கு வழிகாட்டும் சிறுநூல் ஒன்றை இலவசமாக வழங்கியது. வண்டி அதிகமாக ஓடினால் டயரும் அதிகமாகத் தேயும் என்பது வணிகக் கணக்கு. இன்று அந்நூல் உணவகங்களுக்கு விண்மீன் வழங்கும் நூலாகவே பலராலும் அறியப்படுகிறது. அதன் தொடக்கம் சாலையும் டயரும் எண்ணெயுமே என்பதை முதற்பதிப்புகளைப் பார்ப்போரே நன்கு உணர்வர்.

இத்தகைய நூல்கள் கிடைத்தற்கரியனவாக ஆனதற்குக் காரணம் அவற்றின் பயன்பாடேயாகும். கவிதை நூலை அலமாரியில் வைத்துப் போற்றுவர். வண்டியைப் பழுது பார்க்கும் கையேட்டை அவ்வாறு போற்றுவார் இல்லை. அது பட்டறையின் தரையில் கிடக்கும். எண்ணெய்க் கை படும். வேண்டிய பக்கம் கிழிக்கப்படும். வண்டியை விற்கும்போது நூலும் உடன் போகும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஹெய்ன்ஸ் என்பவர், ஒரு வண்டியை முற்றிலும் பிரித்து மீண்டும் பூட்டி, ஒவ்வொரு படியையும் படத்தோடு விளக்கும் கையேட்டு வரிசையை 1966இல் தொடங்கினார். அவர் 2019இல் மறைந்தார். அக்கையேடுகளைச் சேர்ப்போர் சிலர், எண்ணெய்க் கறை படிந்த படியையே விரும்புவர். ஒரு தந்தை தம் மகனுக்குத் தொழில் கற்பித்த தடயமாகவும் அக்கறை இருக்கக்கூடும். தூய்மையான படியில் அச்சிட்டவரின் உழைப்பு மட்டுமே தெரியும். கறைபட்ட படியிலோ படித்தவரின் வாழ்வும் சேர்ந்து தெரியும்.

பந்தய நூல்களின் கதை வேறு. 1907இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் புரூக்லண்ட்ஸ் என்னும் கற்காரைப் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. 1939இல் போர் மூண்டதோடு அங்குப் பந்தயம் நின்றது. பின் மீளவே இல்லை. அப்பாதையின் வரலாற்றைப் பெருநூலாக எழுதியவர் பில் போடி. 'மோட்டார் ஸ்போர்ட்' என்னும் திங்களிதழுக்கு 1936 முதல் 1991 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர் அவர். பாதை சிதைந்த பின்னரும் அது மறக்கப்படாமல் இருப்பதற்கு அவர் போன்றோரின் எழுத்தே பெருந்துணை. கல்லும் சுண்ணமும் செய்ய முடியாததைத் தாளும் மையும் செய்தன எனலாம்.

அதே இதழில் எழுதியவர் டெனிஸ் ஜென்கின்சன். 1955ஆம் ஆண்டு மே முதல் நாள் இத்தாலியில் நடந்த 'மில்லே மில்லியா' என்னும் ஆயிரம் மைல் பந்தயத்தில், ஓட்டுநர் ஸ்டர்லிங் மோஸுக்கு வழிகாட்டியாக அவர் அருகில் அமர்ந்து சென்றார். முன்னதாகவே அப்பாதையைப் பலமுறை சுற்றிவந்து, எந்த வளைவு எளியது, எது இடர் மிக்கது என்பதையெல்லாம் குறித்து, ஏறத்தாழ பதினெட்டடி நீளமுள்ள தாட்சுருளாக அமைத்திருந்தார். இயந்திர இரைச்சலில் பேச்சு கேளாது. ஆகவே சுருளைப் பார்த்துக் கைச்சாடை காட்டினார். காலை 7.22க்குப் புறப்பட்டதனால் அவ்வண்டியின் எண் 722. பத்து மணி 7 நிமிடம் 48 விநாடியில் பந்தயம் முடிந்தது, வெற்றியும் கிட்டியது. அடுத்த திங்களின் இதழில் அவர் அதனைக் கட்டுரையாக்கினார். வெளியிலிருந்து பார்த்தவர் எழுதுவது ஒன்று. வண்டிக்குள் அமர்ந்து உயிரைப் பணயம் வைத்தவர் எழுதுவது வேறொன்று. அதனால்தான் அந்த ஒரு மாத இதழ் இன்றும் தேடப்படுகிறது.

தென்கிழக்காசிய வாசகருக்கு நெருக்கமான நூல்களும் இத்துறையில் உண்டு. சயாம் நாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்த பீரா இளவரசர் இங்கிலாந்தில் கல்வி கற்று, 1930களில் ஐரோப்பியப் பந்தயங்களில் புகழ் பெற்றார். 1935இல் தம் இருபத்தோராம் பிறந்தநாளில் அவர் பெற்ற பரிசு 'ரோமுலஸ்' எனப் பெயரிடப்பட்ட ஒரு பந்தயக் கார். அதை வழங்கியவர் உறவினராகிய சூலா இளவரசர். அணியை நிர்வகித்தவரும் அவரே. அப்பந்தயங்களை நூல்களாக எழுதியவரும் அவரே. பீராவின் நண்பரான ரிச்சர்ட் சீமன் என்னும் ஆங்கிலேய ஓட்டுநரின் வாழ்க்கை வரலாற்றையும் சூலா எழுதினார். ஜெர்மானிய அணிக்காக ஓட்டிய சீமன் 1939இல் பெல்ஜியப் பந்தயத்தில் உயிர்நீத்தவர். நூல் வெளிவந்த 1941ஆம் ஆண்டிலோ இங்கிலாந்தும் ஜெர்மனியும் போரில் இருந்தன. நட்பையும் பகையையும் ஒருங்கே தாங்கிய அந்நூல், அச்சான ஆண்டை நோக்கும்போது ஒரு தனி மதிப்புப் பெறுகிறது. உலகப் பந்தயக் களத்தில் ஆசியர் ஒருவர் அரியவராய் இருந்த காலத்தில், அவருடைய கதையை இன்னோர் ஆசியரே எழுதினார் என்பதும் எண்ணத்தக்கது.

ஆனால், பந்தய நூல்கள் யாவும் வெற்றி முழக்கங்கள் அல்ல. மோஸும் ஜென்கின்சனும் வென்ற ஆறே வாரங்களில், 1955 ஜூன் 11ஆம் நாள், பிரான்சின் லெ மான் பந்தயத்தில் அதே வகை மெர்சிடிஸ் வண்டியொன்று கூட்டத்திற்குள் பாய்ந்தது. ஓட்டுநர் பியேர் லெவேயும் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளரும் மாண்டனர். அவ்வாண்டின் முடிவில் அந்நிறுவனம் பந்தயத்திலிருந்தே விலகியது. 1957இல் மில்லே மில்லியாவிலும் ஒரு வண்டி தடம்புரண்டு, ஓட்டுநர் இருவரோடு பார்வையாளர் ஒன்பதின்மரும் இறந்தனர். அவருள் ஐவர் சிறுவர். அவ்வடிவில் அப்பந்தயம் அத்தோடு முடிந்தது.

ஆகவே, இத்துறை நூல்களை முறையாகச் சேர்ப்பவரின் அலமாரியில் வெற்றியும் துயரும் அடுத்தடுத்தே இருக்கும். அழகிய படங்கள் நிறைந்த நூல்களை மட்டும் வாங்குபவர் பாதி வரலாற்றையே வாங்குகிறார். பந்தய நாளன்று காலையில் விற்கப்பட்ட நினைவு மலரில், மாலையில் உயிரோடு இராத ஒருவரின் பெயர் மற்றப் பெயர்களுக்கிடையே சாதாரணமாக அச்சிடப்பட்டிருக்கும். அம்மலரை அச்சிட்டவருக்கும் அன்று அது தெரியாது. பின்னாளில் படிப்பவருக்குத் தெரியும். அறிந்த கண்ணோடு அறியாத பக்கத்தைப் படிப்பதே வரலாற்றுக் கல்வியின் முதற்பாடம். ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய மூன்று நூல்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போது, ஒருவர் விட்டதை மற்றொருவர் சொல்லியிருப்பதும், ஒருவர் புகழ்ந்ததை மற்றொருவர் ஐயுற்றிருப்பதும் புலனாகும். சேகரிப்பு என்பது இங்கே ஆராய்ச்சியாக உயர்கிறது.

இப்பகுதியின் வரலாற்றுக்கும் இது பொருந்தும். சிங்கப்பூரில் 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கார்ப் பந்தயம் நடைபெற்றது. தனியாகக் கட்டப்பட்ட பாதை அன்று. நாள்தோறும் பேருந்து ஓடிய சாலையே பந்தயத்திற்காக அடைக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சுற்று. ஓரங்களில் விளக்குக் கம்பங்களும் ஆழமான மழைநீர்க் கால்வாய்களும் இருந்தன. 1962இல் அது 'மலேசிய கிராண்ட் பிரீ' எனப் பெயர் பெற்றது. 1966இல் 'சிங்கப்பூர் கிராண்ட் பிரீ' ஆயிற்று. அவ்வாண்டுகளின் பந்தய மலர்களை வரிசையாக அடுக்கினால், அட்டையில் உள்ள பெயர் மாற்றத்திலேயே ஈர்நாட்டு வரலாறும் தெரியும். பாடநூலில் ஒரு பத்தியாக வரும் செய்தி, ஒரு விளையாட்டு மலரின் அட்டையில் ஒரே சொல்லாக நிற்கிறது. விபத்துகளும் உயிரிழப்புகளும் நேர்ந்த அப்பந்தயம் 1973க்குப் பின் நிறுத்தப்பட்டது.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2008இல் மரினா விரிகுடாவில் இரவு நேர 'ஃபார்முலா ஒன்' பந்தயம் தொடங்கியபோது, சிங்கப்பூரில் பந்தயம் புதிதாகப் பிறந்ததாகவே இளைஞர் பலர் எண்ணினர். அதே ஆண்டில் ஈலை சாலமன் என்னும் ஆய்வாளர், பழைய பந்தயத்தின் வரலாற்றை விரிவான நூலாக வெளியிட்டார். அத்தகைய நூலை எழுதுவோருக்குப் பழைய செய்தித்தாள் மட்டும் போதாது. எவரோ ஒருவர் எறிந்துவிடாமல் வைத்திருந்த மலரும், நுழைவுச் சீட்டும், படத்தொகுப்பும் வேண்டும். மலேசியாவிலும் நிலை இதுவே. 1968இல் திறக்கப்பட்ட பத்து தீகா பந்தயப் பாதை இன்று இல்லை. செப்பாங்கில் 1999இல் தொடங்கிய ஃபார்முலா ஒன் பந்தயமும் 2017ஆம் ஆண்டோடு நின்றது. பாதை மறைந்த இடத்தில் அதன் நினைவைத் தாங்குவது எது என்னும் வினா எழுகிறது.

அந்நினைவுக்கு இவ்வட்டாரத் தட்பவெப்பமே முதற்பகை. ஆண்டு முழுதும் ஈரம் நிறைந்த காற்றில் தாள் பழுப்புப் புள்ளி கொள்ளும், பூஞ்சை படரும். வழவழப்பான படத்தாள் நனைந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின் பிரித்தால் படமே உரிந்துவரும். இராமபாணப் பூச்சி பசையைத் தின்னும். கறையான் நூலையே தின்னும். எனவே, சேகரிப்பவர் அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் வைக்கிறார். வெயில் நேரே படாமல் காக்கிறார். நூல்களை இறுக நெருக்காமல் காற்றோட்டம் விடுகிறார். மேலுறை கிழியாதிருக்கத் தெளிந்த உறை இடுகிறார். ஒட்டுநாடாவால் கிழிசலை ஒட்டுவதில்லை. நாளடைவில் அப்பசையே தாளை மஞ்சளாக்கி அரித்துவிடும் என்பது அவர் அறிந்த செய்தி.

பூச்சியினும் பெரிய பகை மறதியாகும். சேகரித்தவர் மறைந்ததும், அவர் பிள்ளைகளுக்கு அந்நூல்களின் அருமை தெரியாமற் போகலாம். அடுக்குமாடி வீட்டின் சிற்றறையை ஒழிக்க வேண்டிய அவசரத்தில், நாற்பதாண்டுத் தேட்டம் அரை மணி நேரத்தில் காராங்கூனி வண்டியில் ஏறிவிடும். எடைக்குத்தான் விலை, எழுத்துக்கு விலை இல்லை. இதில் பிள்ளைகளை மட்டும் குறைகூறுதல் முறையன்று. இது இன்ன நூல், இன்ன ஆண்டில் வந்தது, இன்ன காரணத்தால் காக்கத்தக்கது என்று ஒரு பட்டியலும் எழுதிவைக்காமல் மறைந்தவரும் பொறுப்புடையவரே. பூட்டிய பேழையில் கிடக்கும் நூல் பாதுகாக்கப்பட்ட நூல் ஆகாது. இழப்பு சற்றுத் தள்ளிப்போடப்பட்ட நூலே ஆகும்.

பதுக்குபவருக்கும் பாதுகாப்பவருக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் தெளிவாகிறது. பதுக்குபவர், தம்மிடம் உள்ளது பிறரிடம் இல்லை என்பதில் மகிழ்கிறார். பாதுகாப்பவர், தம்மிடம் உள்ளதைப் பட்டியலிட்டு, நாடிவரும் மாணவருக்குக் காட்டி, தமக்குப்பின் எந்த நூலகத்திற்குச் சேர வேண்டும் என்பதையும் எழுதிவைக்கிறார். இவ்வழக்கம் பந்தய நூலுக்கு மட்டும் உரியதன்று. பள்ளி ஆண்டுமலர், சங்கத்தின் வெள்ளிவிழா மலர், நாடக அரங்கேற்ற அழைப்பிதழ் என, சிறியவை என்று எண்ணி எறியப்படும் ஏடுகள் எத்தனையோ உள. அவற்றுள் எது நாளைய வரலாற்றுக்கு வேண்டப்படும் என்பதை இன்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. ஆசிரியர் ஒருவர் தம் மாணவரிடம், வீட்டில் உள்ள மிகப் பழைய அச்சேட்டைக் கண்டு, அதன் பெயரையும் ஆண்டையும் எழுதிவரச் சொன்னால், அன்றே பாதுகாப்பின் முதற்பட்டியல் தொடங்கிவிடும்.